மேஜர் ஹார்ட்னலின் இரண்டாவது பட்டை

1

இந்தக் கதைக்கு ஒரு பதக்கம்தான் காரணம். இங்கிலாந்தில், டாவிஸ்டாக் சந்தைக்கு உருளைக்கிழங்கு வாங்கப் போன இடத்தில் பழைய சாமான் கடையொன்றில் பார்த்தேன். ஒரு பக்கம் விக்டோரியா ராணி. மேலே நாடாவில் இரண்டு வெள்ளிப் பட்டைகள், சண்டைக்கு ஒரு பட்டை வீதம். நான் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டில் ஒன்று பொய்யாக இருந்தால் என்ன என்று தோன்றித் தொலைத்தது. ஏழு மாதமாக இந்தத் தலைவலியோடுதான் இருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “குண்டுகள் சீறிய அந்த ஆப்கன் கணவாயில்,* இளம் லெப்டினன்ட் ஹார்ட்னல் வாளை உருவிக்கொண்டு—”

வேண்டாம். அவர் அன்று கணவாயிலேயே இல்லை. வாள் உருவவும் எனக்குத் தெம்பில்லை.

இரண்டாவது: “1891 அக்டோபரில், மழை பெய்த ஒரு புதன்கிழமை—” இந்த ஊரில் மழை பெய்யாத புதன்கிழமையைச் சொன்னால்தான் செய்தி. போகட்டும், இதுவே இருக்கட்டும்.

(* சண்டையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ராணுவ வரலாறு படித்தவர்கள் கடிதம் எழுதுவார்கள். பதில் போட என்னால் ஆகாது.)

3

ஓய்வுபெற்ற மேஜர் எட்மண்ட் ஹார்ட்னலின் பதக்கத்தை அவருடைய அக்கா லவீனியா சாப்பாட்டு மேசையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், போரில் இறந்த உள்ளூர்க்காரர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைத் திறக்கப்போகிறார்கள்.

“தேச்சுத் தேச்சு ராணியம்மாவுக்கு மூக்கே போயிடுச்சு, எட்மண்ட்.”

“தேய்க்காம விடேன்.”

“விட்டா ஊரு என்னைத்தான் சொல்லும். அக்கா சோம்பேறின்னு.”

அப்போதுதான் தாம்சின் நார்த்காட் வந்தாள். துணி வெளுத்துப் பிழைப்பவள். அவள் கணவன் ஈலாய், மேஜரின் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, ஆப்கன் சண்டையிலிருந்து திரும்பாதவன். உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

“பாதிரியார் எம் புருஷன் பேரைப் போட மாட்டேங்கறாருங்க. ஓடிப்போனவன்னு ராணுவக் காகிதத்துல இருக்காம். சண்டை அன்னைக்கு அங்க இருந்த அதிகாரி யாராவது, வரிசையில நின்னதைப் பாத்தேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும்னாரு. கடைசி வரிக்கு இடம் விட்டிருக்காங்க. நாளன்னைக்குச் செதுக்கறவரு வர்றாரு.”

மேஜர் அக்கா கையிலிருந்த பதக்கத்தைப் பார்த்தார்.

“இந்தப் பக்கத்துல அந்தச் சண்டைப் பட்டை வச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தாங்க ஐயா. எம் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல ‘ஓடிப்போனவன் மவ’ன்னுதான் கூப்பிடறாங்க. அவளுக்குப் பேரே மறந்துடும் போல இருக்கு.”

“இதுக்கு என்ன யோசனை?” என்றாள் லவீனியா. “எழுதிக் குடுத்துட்டு வா. ஆட்டுக்கறி ஆறுது.”

4

[இங்கே அவருடைய மனப்போராட்டத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நடந்ததைச் சொன்னால் போதும்.]

சண்டை நடந்த அன்று ஹார்ட்னல் ஆறு மைல் பின்னால், கூடாரத்தில், வயிற்றுக்கடுப்பில் சுருண்டு கிடந்தார். பட்டாளத்தின் பட்டியல்களை எழுதுவது அவர் வேலை. எழுந்து உட்கார முடிந்ததும் எழுதினார். பட்டைக்கு உரிய அதிகாரிகளின் பெயர்களை முந்தைய சண்டையின் பட்டியலைப் பார்த்து அப்படியே படியெடுத்தார். அவர் பெயரும் கூடவே வந்துவிட்டது. கவனித்தார். நாளைக்கு அடித்துவிடலாம் என்று நினைத்தார். அந்த நாளை பதினோரு வருடமாக வரவில்லை.

அடுத்த தாளில் இரண்டே கட்டங்கள்: இறந்தவர், ஓடிப்போனவர். நார்த்காட்டின் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறந்தவர் கட்டத்தில் எழுத முடியாது. மற்ற கட்டத்தில் எழுதினார்.

ஒரே பேனா. இல்லாதவரை இருந்ததாகவும், இருந்தவனை ஓடியதாகவும்— இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். எழுதுகிறவனுக்கு உறுத்துகிறது.

5

முடிவுகள்.

முதலாவது: பார்த்தேன் என்று எழுதிக் கொடுக்கிறார். பெயர் ஏறுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. எழுதி முடித்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது.

இரண்டாவது: நான் அங்கே இல்லை என்று உண்மையைச் சொல்கிறார். அவருக்கு நெஞ்சு லேசாகிறது. அவள் வெறுங்கையோடு மழையில் போகிறாள். இதை எழுதியபோது மேஜர்மேல் எனக்குக் கோபமே வந்தது.

மூன்றாவதை நான்கு முறை எழுதினேன். அவர் தாளை எடுத்து இரண்டையும் எழுதுகிறார்: பட்டை தனக்குரியதல்ல, நார்த்காட் ஓடினான் என்பதற்குச் சான்று எதுவும் இருந்ததில்லை, அப்படி எழுதியது தன் தவறு. கையெழுத்துப் போடுகிறார். பாதிரியார் இதை மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஊரில் ஒருவரும் இவருக்கு மரியாதையாகத் தொப்பியைத் தூக்கப்போவதில்லை. அதுவும் அவருக்குத் தெரியும். லவீனியா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் விட்டேன். தாம்சின்தான் விடவில்லை. அவர் நீட்டிய தாளை வாங்காமல் நின்றாள்.

“அப்ப அவரு ஓடலதானேங்க?”

6

மேஜருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, அவள் கையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். வெந்து சிவந்த கை.

எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஈலாய் நார்த்காட்டை உண்டாக்கியவன் நான்தானே. ஏழு மாதம் முயன்றும் அந்தக் கணவாய்க்குள் போக முடியவில்லை. மேஜரோடு கூடாரத்திலேயே படுத்துக் கிடந்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது.

அதனால் உங்களிடம் விடுகிறேன். “ஓடலம்மா” என்று சொல்லத்தான் உங்களுக்கும் வாய் வரும். இரக்கமுள்ள யாருக்கும் வரும். சொல்லுங்கள், அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் நீங்களும் அங்கே இல்லை.