வியாழக்கிழமை மக்கர்

அப்பாவின் கார் அம்மாவுக்கு முன்பே அவரிடம் வந்து சேர்ந்தது. அதனால் அம்மா அதை மூத்தவள் என்றுதான் சொல்வாள். மூத்தவளைக் குளிப்பாட்டியாச்சா, மூத்தவளுக்குத் தாகம் தீர்ந்ததா என்று அவள் கேட்கக் கேட்க, அப்பா சிரித்துக்கொண்டே துணியைப் பிழிந்து பானெட்டைத் துடைப்பார். பழைய காலத்துக் கார். முன்னால் இரண்டு உருண்டை விளக்குகள், பின்னால் அகலமான இடுப்பு, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம்.

இந்த வருஷம் அந்தக் கேலி நின்றுபோனது.

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வியாழக்கிழமைதோறும் ஊரின் மறுகோடியில் இருக்கிற பட்டறைக்குப் போய், அரைத்து வைத்த லென்ஸ்களை வாங்கி வருவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறவர், இப்போதெல்லாம் தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வந்தார். கேட்டால் ஒரே பதில். வண்டி மக்கர் பண்ணிவிட்டது, ஸ்டார்ட்டர் எடுக்கவில்லை. தள்ளினால் எடுக்காதா என்று அம்மா கேட்டாள். யானையைத் தனி ஆளாக யார் தள்ளுவது என்றார் அப்பா. மறுநாள் காலையில் அதே யானை, சாவியைத் தொட்டதும் உறுமிக்கொண்டு கிளம்பும். அம்மா சமையலறை ஜன்னலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நகரமாட்டாள்.

சித்தி ஒருநாள் வந்திருந்தபோது, எல்லா ஊரிலும் வண்டி கெட்டுப்போகும், வாராவாரம் ஒரே கிழமை பார்த்துக் கெட்டுப்போகிற வண்டியை இங்கேதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அதற்குச் சிரித்தாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம், நானும் வருகிறேன், கோளாறு இருந்தால் என் கண்ணால் பார்க்கிறேன் என்றாள். இன்றைக்கு எதற்கு என்றார் அப்பா. அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஒர்க்‌ஷாப் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தகரக் கூரை, தரையெல்லாம் எண்ணெய்க் கறை, சுவரோரமாகச் சீட்டு கிழிந்த ஒரு பெஞ்சு. அங்கே இருக்கிற எலெக்ட்ரீஷியனை எல்லாரும் மின்னல் என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம், அதனால் வந்த பெயர்.

மின்னல் முதலில் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. பேட்டரி முனைகளைத் தேய்த்தார். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டினார். ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருகச் சொன்னார். வண்டி உடனே எடுத்தது. நாலைந்து தடவை திருகச் சொன்னார். எல்லாத் தடவையும் எடுத்தது.

மற்றவர்கள் வண்டியில் ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாகப் போவார்கள். அம்மாவுக்கு ஒவ்வொரு தடவை எஞ்சின் எடுக்கும்போதும் முகம் இன்னும் கொஞ்சம் கறுத்தது. அப்பா டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மின்னல் கையைத் துடைத்துக்கொண்டு, ஆறியிருக்கும்போது எடுக்காமல் போகிறதா, ஓடிவந்து நின்றதுமா என்று கேட்டார். ஓடி நின்றதும்தான் என்றார் அப்பா. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே என்று மின்னல் பானெட்டை மூடினார். எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, வேறொரு வண்டியைப் பார்க்கப் போனார். கூரைக்குக் கீழே சூடு ஏறியது. பானெட்டின் மேல் காற்று நெளிந்தது. அம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள்.

மின்னல் திரும்பி வந்து எஞ்சினை அணைத்தார். கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருகினார்.

டொக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருகினார். மறுபடி டொக்.

அம்மா எழுந்தேவிட்டாள். அத்தனை மாதமாக நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. "பாவி, மூத்தவளே," என்றாள். "என் உயிரை வாங்கிட்டியே." அப்பாவும் சிரித்தார். ஆனால் அவளைப் பார்க்காமல் சிரித்தார்.

மின்னல் ஹெட்லைட்டைக் காட்டினார். சாவியைத் திருகும்போது வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை என்று அர்த்தமாம். பானெட்டைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனைகளைச் சேர்த்துத் தொட்டார். தீப்பொறி பறந்தது. மோட்டார் விர்ரென்று தனியாகச் சுற்றியது. மோட்டார் நன்றாக இருக்கிறது, அதன் முதுகில் உட்கார்ந்து கரண்டைத் திறந்துவிடுகிற சோலனாய்டு சுவிட்ச்தான் செத்துக்கொண்டிருக்கிறது என்றார். பக்கத்திலேயே புகைக்குழாய் போகிறது, அந்தச் சூட்டில் அதற்கு இழுக்கத் தெம்பில்லை. புதுசு போட்டால் தீர்ந்தது.

அம்மா அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டாள், பாவம் இவர் நடுரோட்டில் எவ்வளவு அவஸ்தைப்பட்டாரோ என்று.

"அவஸ்தை என்னக்கா, ஆறினா தானா எடுத்துக்குமே," என்றார் மின்னல். "ஒரு டீ குடிச்சிட்டு வந்தா போதும்."

சொன்ன பிறகுதான் அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தை. வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகலாம், ஒவ்வொரு வண்டி ஒவ்வொரு மாதிரி என்று இழுத்தார். பானெட்டைச் சாத்திவிட்டு, ஸ்பேனரைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். "அப்போ டீ குடிப்போம்," என்றாள்.

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. அப்பா கடையைத் திறக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நடந்து போய்விடலாம் என்றார். அவருடைய டீயில் ஆடை படிந்தது. அம்மா தன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கிளாஸைத் தரையில் வைத்துவிட்டுப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று மின்னலைக் கேட்டுவிட்டுச் சாவியைத் திருகினாள்.

வண்டி எடுத்தது.

அவள் அதை அணைத்தாள். மறுபடி திருகினாள். மறுபடியும் எடுத்தது. அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"யார் வீட்டுக்குப் போறீங்க?"

"யார் வீட்டுக்கும் இல்ல."

"புள்ள நிக்கிறான்னு பாக்கறீங்களா? அவனுக்கும் தெரியட்டும். சொல்லுங்க."

அப்பா கார் கதவைப் பிடித்துக்கொண்டார். குரல் மிகவும் தணிந்திருந்தது. "ஏரிக்கரையில நிறுத்திக்குவேன். முதல் தடவை நிஜமாவே எடுக்கல. ஆறட்டும்னு உள்ளயே உக்காந்திருந்தேன். அப்புறம் எடுத்துச்சு. நான்தான் அணைச்சிட்டேன்."

"அணைச்சிட்டு?"

"உக்காந்திருந்தேன். வேற ஒண்ணும் இல்ல. வண்டிக்குள்ள யாரும் எதுவும் கேக்கறதில்ல."

அம்மா வாயைத் திறந்தாள். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல அவளிடம் மூட்டை மூட்டையாக வார்த்தை இருந்தது. ராத்திரி முழுக்கப் படுக்கையில் அவள் அதைத்தான் கட்டி வைத்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும். ஏரிக்கு என்ன சொல்வது? தண்ணீரை எப்படித் திட்டுவது?

காரிலிருந்து இறங்கி வந்து மின்னலிடம், கழட்டுங்க தம்பி, புதுசு போட்டுடுங்க என்றாள். நாளைக்குத்தான் கிடைக்கும் அக்கா, இப்போது கழட்டி மட்டும் வைக்கிறேன் என்று அவர் காருக்கு அடியில் படுத்து நகர்ந்தார். அவ்வளவு வேகமாக அவர் வேலையில் இறங்கி நான் பார்த்ததில்லை.

வா போகலாம் என்றார் அப்பா. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க. நான் அப்புறம் வர்றேன்."

"இங்க உக்காந்து என்ன பண்ணப் போற?"

அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். அவர் திரும்பவும் கேட்டார், வீட்டுக்கு எப்போது வருவாய் என்று. வாசல் வரை போன அப்பா, அங்கே கொஞ்ச நேரம் நின்றார். தெருவைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து பெஞ்சின் மறுநுனியில் உட்கார்ந்தார். காருக்கு அடியில் ஸ்பேனர் கிணுகிணுத்தது. இருவரும் மின்னலின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு நடுவில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அப்பா என்னைப் பார்த்து அந்த இடத்தைத் தட்டினார். நான் போகவில்லை. இன்னும் சூடு ஆறாத பானெட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.