மூன்றாவது தூணில் ஒரு ஷ்

தென்காசி ஏட்டு கடற்கரைக்குப் பாம்பென்றால் பயமில்லை, பேயென்றால் பயமில்லை, இன்ஸ்பெக்டர் என்றால்கூடக் கொஞ்சம்தான். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இடிந்து கிடக்கிற கோயிலுக்குப் பயந்து நடுங்கினார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

மகளுக்கு வீட்டுப்பாடம். பக்கத்திலுள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பார்த்து, படம் வரைந்து, பத்து வரி எழுத வேண்டும். காசி விசுவநாதர் கோயிலைத்தான் வகுப்பே எழுதப்போகிறது, நாம் அச்சன்புதூருக்கு அப்பால் தென்னந்தோப்புக்குள் இருக்கிற இடிந்த சிவன் கோயிலுக்குப் போவோம் என்று மனைவி ஸ்ரீதேவி முடிவு செய்துவிட்டாள். முள்ளு கிடக்கும் என்றார் கடற்கரை. செருப்பு இருக்கிறது என்றாள். கூரையே கிடையாது, சாரலில் நனைவோம் என்றார். அப்படியே குற்றாலத்துக்குக் குளிக்கத்தானே போகிறோம், நனைந்தால் என்ன என்றாள். அதற்குமேல் பேசினால் சந்தேகம் வரும் என்று வாயை மூடிக்கொண்டு காரை எடுத்தார்.

விஷயம் இதுதான். அந்தக் கோயிலின் மூன்றாவது தூணில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பாலிடெக்னிக்கை மூன்று நாள் கட் அடித்துவிட்டு ஆணியும் கையுமாக உட்கார்ந்து, ‘கடற்கரை - சங்கரேஷ்வரி’ என்று அவர் செதுக்கியிருந்தார். படிப்பில் காட்டாத அக்கறையெல்லாம் அதில் தெரியும். அந்தப் பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தாள். மனுஷன் அதோடு விட்டாரா? மகள் பிறந்தபோது ஸ்ரீதேவி தன் அம்மா பேரான முத்துசெல்வியை வைக்க ஆசைப்பட்டாள். இவரோ, எங்கம்மா சங்கரம்மாள் பேரைக் கொஞ்சம் மாடர்னாக வைப்போம் என்று சொல்லி, சங்கரேஷ்வரி என்றே வைத்துவிட்டார். ஊரெல்லாம் ‘ஸ்’ போடுகிற இடத்தில் ‘ஷ்’ எதற்கு என்று ஸ்ரீதேவி கேட்டதற்கு, ஜோசியர் சொன்னார், பிள்ளை கலெக்டர் ஆகும் என்று அளந்துவிட்டார். ஒன்பது வயது கலெக்டருக்கோ டீச்சர்கள் அந்த எழுத்தை அடித்துத் திருத்துவதில் நித்தம் எரிச்சல்.

தோப்புக்குள் இறங்கியதுமே கடற்கரை முன்னால் ஓடினார். மண்டபத்தில் நாலு தூண்கள்தான் நின்றன, மேலே வெறும் வானம், சுவரைப் பிளந்துகொண்டு ஓர் ஆலங்கன்று. மூன்றாவது தூணில் முதுகை ஒட்டிவைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பிள்ளை தலையில்லாத நந்தியை வரைந்தாள், ஆலங்கன்றை வரைந்தாள், அவர் அசையவில்லை. அங்கன என்ன முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறீர்கள், தூண் விழுந்துவிடாது என்று ஸ்ரீதேவி சொல்லிப் பார்த்தாள். இடுப்பு வலி என்றார்.

அந்த நேரம் பார்த்து பைக்கில் ஒரு காதல் ஜோடி வந்து இறங்கியது. பையன் சாவியை எடுத்து வெளிச்சுவரில் கீற ஆரம்பித்தான். கடற்கரை நின்ற இடத்திலிருந்தே அதட்டினார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அப்பா, நீங்க போலீஸ்தான? போய்ப் பிடிங்கப்பா” என்றாள் மகள்.

பெற்ற பிள்ளை இப்படிக் கேட்டபிறகு எந்த ஏட்டு சும்மா நிற்க முடியும்? போனார். போன வேகத்தில் தன்னை மறந்தேபோனார்.

“ஏலே, எந்தக் காலத்துக் கல்லு இது. உன் ஆளு பேரை உன் வீட்டுச் சுவத்துல எழுதுலே பாப்போம்!”

இதைச் சொல்ல அவருக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. ஜோடியை விரட்டிவிட்டுத் திரும்பினால், அம்மாவும் மகளும் மூன்றாவது தூணுக்கு முன்னால் நிற்கிறார்கள். பிள்ளைக்கு ஒரே குதியாட்டம். தன் பேரை முதல்முதலாக ஒருத்தர் ஷ் போட்டுச் சரியாக எழுதியிருக்கிறார் என்று அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“பக்கத்துல உங்க பேரும் இருக்கு” என்றாள் ஸ்ரீதேவி.

தென்காசிப் பக்கம் கடற்கரைக்கா பஞ்சம், தெருவுக்கு ஒருத்தன் இருப்பான், சங்கரேஸ்வரி வீட்டுக்கு ஒருத்தி என்று கடற்கரை சாதித்தார். சரி, அவனும் எதற்கு ஷ் போட்டான் என்று கேட்டாள். அவனும் அதே ஜோசியரிடம் போயிருப்பான் என்றார். எங்கம்மா பேரை விட்டுக்கொடுத்தேனே என்று ஸ்ரீதேவி முனகினாள், கண் கலங்கியிருந்தது. பாவி, இவளைப்போய் அழவைத்துவிட்டோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு குற்றாலம் வந்து சேர்ந்தார் கடற்கரை.

மெயின் அருவியில் தண்ணீர் கொட்டோகொட்டென்று கொட்டியது. ஸ்ரீதேவி குளிக்கவில்லை. மகளோடு படியில் உட்கார்ந்து மங்குஸ்தான் உரித்தாள். சிப்ஸ் வாங்கிவருவதாகச் சொல்லிப் போன கடற்கரையின் கண்ணில் பச்சை குத்துகிற கடை பட்டது. ஆகா, இதுதான் வழி என்று உள்ளே நுழைந்தார். என்ன பேர் என்று கடைக்காரர் துண்டுச் சீட்டை நீட்டினார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மனைவி பேரை அவர் தமிழில் எழுதியதே இல்லை. செல்போனில் அவள் ‘வீடு’. ஸ்டேஷனில் எழுதுவதற்கு ரைட்டர் இருக்கிறார். இருந்தும் மனசார, அழுத்தந்திருத்தமாக எழுதிக்கொடுத்தார். முக்கால் மணிநேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்து பெருமையாகச் சட்டைக்கையை மடக்கினார். கல்லில் எவனோ எவளுக்கோ எழுதினான், நான் என் உடம்பில் எழுதியிருக்கிறேன் பார் என்றார். ஸ்ரீதேவியின் முகம் நிஜமாகவே மலர்ந்தது. கையைப் பிடித்து அருகில் இழுத்துப் பார்த்தாள்.

மகள்தான் எழுத்துக்கூட்டி வாசித்தாள். “ஷ்... ரீ... தே... வி. அம்மா, உனக்கும் ஷ்!”

ஸ்ரீதேவி நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“பிள்ளைக்கு ஜோசியர் சொன்னாருன்னு சொல்லுதிய. தூணுல எழுதுனவனுக்கும் அவருதான் சொன்னாரு. சரி, எனக்கு எந்த ஜோசியர் சொன்னாரு?”

சிப்ஸ் வாங்க மறந்துவிட்டது என்றார் கடற்கரை.

தென்காசி வருவதற்குள் காரிலேயே எல்லாம் தீர்மானமாகிவிட்டது. இனி வீட்டில் பிள்ளையைக் கூப்பிடுகிற பேர் முத்துசெல்வி. அதில் ஸ்ஸும் இல்லை, ஷ்ஷும் இல்லை, ஏட்டையாவே நினைத்தாலும் தப்பாக எழுத முடியாது.