வாசிக்காத உசாத்துணை

ஆய்வுப் படிப்பின் முதல் வருடம் நான் மேற்கோள் போட்ட விதத்தை நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கும். ஒரு வசனத்துக்கு ஆறு பெயர். கடல் தண்ணீர் உப்பு என்று எழுதவும் மூன்று பேரைத் துணைக்குக் கூப்பிட்டேன். வாசித்துப் போட்டதைவிட, அடுத்தவரின் உசாத்துணைப் பட்டியலிலிருந்து இறக்கியதே அதிகம். நாலாம் வருடம் கொஞ்சம் விஷயம் விளங்கிய பிறகுதான், ஒவ்வொரு மூலத்தையும் தேடி வாசித்து, தேவையில்லாததை வெட்டத் தொடங்கினேன்.

அப்படித் தேடிய ஒன்று அன்று காலை மின்னஞ்சலில் வந்தது. தம்பலகாமக் குடா இறால் பற்றிய பழைய அறிக்கை. என் கட்டுரையில் நான் மேற்கோள் காட்டியிருந்தது அதன் நாற்பத்தோராம் பக்கம். அறிக்கையோ மொத்தம் இருபத்தாறு பக்கம். மாரியில் இறால் குறையும் என்று அதில் இருக்கிறது. கூடும் என்று, அதையே சாட்சிக்கு வைத்து, நான் கட்டுரை வெளியிட்டு இரண்டு வருடமாகிறது. அதே குடாவில்தான் எங்கள் துறையிலுள்ள கிண்ணியா ஊர்ப் பெண் ஸல்ஹாவும் ஆய்வு செய்தாள். என் கட்டுரையை நம்பியிருந்தால் தொலைந்தாள். பத்து மணிக்கு அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை.

கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் போனை எடுக்கவில்லை. உப்புவெளியிலிருந்து ஸ்கூட்டியில் பறந்துபோய், வளாகத்து மண்டப வாசலில் அவளைப் பிடித்துச் சொன்னேன்.

"தெரியும் அக்கா," என்றாள் மெதுவாக. "அந்த அறிக்கையைப் போன வருஷமே வாசிச்சிட்டன். என்ட ஆய்விலயிருந்து உங்கட கட்டுரையை எடுத்திட்டன்."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று சீறினேன். சொன்னால் பிறகு நான் அவள் முகம் பார்க்கமாட்டேன் என்று பயந்தாளாம். நியாயம்தான். பொல்லாத வாய் எனக்கு.

ஆனால் இந்தக் குடா இறாலைப் பற்றி அண்மையில் வந்தது என் கட்டுரை ஒன்றுதான். அதை ஏன் விட்டாய் என்று பரீட்சகர்கள் கேட்காமல் விடுவார்களா? கேட்டால் என் பெயரோடு உள்ளதைச் சொல்லிவிடு என்றேன்.

"எனக்கு ஏலாது அக்கா. அடுத்த மாசம் உங்களுக்கும் பரீட்சை எடுக்கிறது இவங்கதானே."

கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டார்கள். பார்வையாளர் கதிரையொன்றில் நானும் போய் இருந்தேன். விளக்கம் முடிந்ததும் முதல் கேள்வியே அதுதான். இருக்கிற ஒரே கட்டுரையையும் தேடிப் பார்க்காத ஆய்வை எப்படி நம்புவது என்று பரீட்சகர் கேட்டார். ஸல்ஹா கையைப் பிசைந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

"தேடாதது என்ட பிழைதான் சேர்," என்று தொடங்கினாள்.

நான் எழும்பினேன்.

"அவ தேடினவ சேர். வாசிக்காமல் எழுதினது நான்."