மிஸ் ப்ராஸரின் இடது கை

லாம்பெத்தில் எங்கள் தெருவில் செத்தவர்களோடு பேச மிஸ் லவீனியா ப்ராஸர் இருந்தாள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிப் பேச நான் இருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஆவி மேசையைத் தட்டும் சத்தம் அவள் கால் கட்டைவிரல் சொடுக்குவதுதான் என்று எனக்கு எப்போதோ தெரியும். வெளியே சொன்னால், ஆவியைக் கூப்பிட அவள் வீட்டில் கூடும் வட்டத்தில் எனக்கு நாற்காலி போடுவார்களா?

செத்தவர்கள் வருவார்களா என்று ஒருநாளும் சந்தேகப்படாதவள், மெழுகுவத்திக் கடை ஏமஸ் டல்லி தேநீருக்கு வருவாரா என்று ஜன்னலிலேயே நிற்பாள். சளிக்காய்ச்சலில் படுத்த மனைவி ரூத்தைப் பறிகொடுத்தவர். தொப்பியிலிருந்து துக்கநாடாவை எடுத்ததும் இவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ரூத்தின் தங்கை ஈடித் நார்விச்சிலிருந்து வந்து, அக்காளோடு பேச வேண்டும் என்றாள். டல்லிக்கு இஷ்டமில்லை, மறுத்தால் நன்றாயிராது என்று உட்கார்ந்தார். மத்தியானமே திரைகளை இழுத்து, கைகோத்து, ஒரு ஞானப்பாட்டும் பாடினோம்.

கைகோப்பது ஆவிக்காக அல்ல. லவீனியா பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டே போவாள். உண்மையை நெருங்கினால் பக்கத்துக் கை காட்டிக்கொடுத்துவிடும். அதுதான் அவள் வித்தை. அன்று அவள் இடது கை டல்லியின் கைக்குள்.

"கடைசியா என்னக்கா குடிச்ச?" என்று ஈடித் கேட்டாள்.

ரூத்தின் மெல்லிய குரலில் லவீனியா தண்ணீர் என்றாள், தேநீர் என்றாள், பால் என்றாள். அதோடு நின்றுவிட்டாள். அக்கா போய்விட்டாள் என்று வட்டத்தைக் கலைத்தாள். திரையை விலக்கியபோது பார்த்தேன்: அவள் இடது புறங்கையில் நான்கு நகத்தடம்.

மறுநாள் ரொட்டி கொடுக்கும் சாக்கில் போனேன். தலைகூட வாரவில்லை அவள்.

"பொண்டாட்டி நெனப்புல கலங்கியிருப்பாரும்மா," என்றேன்.

"அழுகை வந்தா கை தளரும். பால்னு சொன்னதும் இது என்னை நிறுத்தச் சொல்லுச்சு." நகத்தடத்தைத் தடவிக்கொண்டே, "அந்த ஒரு கையத்தான் நான் தொழிலுக்காகப் பிடிக்கல," என்றாள்.

வாயை மூடிக்கொண்டால் நீ மிஸஸ் டல்லி, என்று நினைவூட்டினேன்.

"எனக்குச் சளி பிடிச்சா யாரு பால் காய்ச்சித் தருவா?"

ரூத் குடித்த பாலில் டல்லி எதையோ கலந்துவிட்டார் என்று போலீசுக்குப் போனாள். ரூத்தின் ஆவி சொன்னதாகச் சொல்லியிருக்கலாம். இவளோ நேர்மை வந்தவளாக, ஆவியே கிடையாது, எல்லாம் என் ஏமாற்று, கை மட்டும் நிஜம் என்றாள். செருப்பைக் கழற்றி விரலைச் சொடுக்கிக்கூடக் காட்டினாளாம். இன்ஸ்பெக்டர் சிரித்து முடித்துவிட்டு, "இத்தனை வருஷம் பொய் சொன்ன வாய் இன்னைக்கு மட்டும் நிஜம் பேசுதாக்கும்?" என்று கேட்டாராம்.

தெருவே அவள் முகத்தில் கதவைச் சாத்தியது. செத்த குழந்தைகளின் குரலை அவள் வாயில் கேட்டு அழுத தாய்மார்கள் சும்மா விடுவார்களா? ஈடித்தோ, என் அக்கா குரலில் விளையாடினாயே என்று வைதுவிட்டு ஊருக்கு ரயிலேறினாள். டல்லிக்கு எல்லோரும் அனுதாபம் சொன்னார்கள். வசந்தம் வருவதற்குள் கடையை விற்று, க்ராய்டனில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார்.

லவீனியா அங்கேயும் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் மரியாதையாகவே கதவைச் சாத்திவிட்டாளாம்.

"அன்னைக்கு இருட்டுல, ரூத் குரல்லயே சொல்லியிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்க, இல்ல?" என்று கேட்டாள் என்னிடம்.

நம்பியிருப்போம். நானே நம்பியிருப்பேன். அதை அவளிடம் எப்படிச் சொல்ல?

"க்ராய்டன்ல பாத்தேனே, ரொம்பச் சின்னப் பொண்ணுங்க அது," என்றாள்.