வளவு விளக்கும் அந்திரொமீடாவும்

...அணைத்துவிட்டார், உண்மையாகவே அணைத்துவிட்டார், கலவரத்தில் எங்கள் கடை எரிந்தபிறகு ஓர் இரவுகூட அணையாத வளவு விளக்கு, இஷா தொழுதுவிட்டு வந்து ஷப்ராஸ் தன் கையாலேயே சுவிட்சைத் தட்டினார், என் நச்சரிப்புத் தாங்காமல்தான்... இருட்டியதும் வளவே பெரிதாகிவிட்டது, பலா மரம் எங்கே, மதில் எங்கே, நக்கிள்ஸ் மலைப்பக்கம் மேகம் விலகியிருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கும், எங்கள் திகன வானத்தை நம்பி உடுப்புக்கூடக் காயப்போட முடியாது. தொலைநோக்கியில் பூட்டிய கமரா படம் படமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, ஒற்றைப் படத்தில் ஒன்றும் தெரியாது, நிறைய எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்திரொமீடா எழுந்து வரும், போன வருடமும் அடுக்கினேனே, என்ன வந்தது, இந்த விளக்கின் வெளிச்சம்தான் வந்தது, அதற்குள் ஓர் அழுக்குத் திட்டு, இதுவா டீச்சர் விண்மீன் திரள் என்று வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரேயொரு தடவை அணையுங்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன், மாதக்கணக்காக இவர் மசியவில்லை, இவ்வளவு பயந்த மனிதரா என்று கோபம்கூட வந்தது...

கதிரையை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார், கணினித் திரையைப் பார்க்கவில்லை, கேட்டையே பார்க்கிறார், பாவம், பிடிவாதம் பிடித்துவிட்டேனோ... வருகிறதா என்று கேட்டார், திருப்பிக் காட்டினேன், கறுப்புக்குள் சரிந்து கிடக்கும் வெள்ளைத் தட்டு, ஓரத்தில் மெல்லிய கருங்கோடு, அந்தக் கோடு, விளக்கு எரிந்திருந்தால் ஒருநாளும் வந்திருக்காது, இன்னும் கொஞ்சம் எடுத்தால் போதும், இன்னும் கொஞ்சம்... மேல் ரோட்டில் ஒரு பைக், இறங்குகிறது, வேகம் குறைகிறது, ஏன் குறைகிறது, எங்கள் கேட்டுக்கு முன்னாலா, யார், எத்தனை பேர்... வளவு முழுக்க ஒரே வெளிச்சம். கண் கூசியது. பலா மரம், மதில், இவர் முகம், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. திரையில் கடைசிப் படம் வெளுத்துப் போயிருந்தது. ஷப்ராஸ் கதிரையை விட்டு அசையவில்லை.

"பேக்கரி நுஸ்கிட பைக் அது, பஸ்லினா," என்றார் மெதுவாக. "கடய மூடிட்டுப் போறான்."

சுவிட்சின்மேல் இருந்தது என் கை. எப்போது எழுந்தேன், எப்போது வாசல்வரை வந்தேன்... அணை, மேகம் வருவதற்குள் அணை என்று கைக்குச் சொல்கிறேன், அது கேட்கவில்லை, பயம் இவருக்கு என்றுதானே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்...