தலை எந்தப் பக்கம்

துப்பாக்கி வாங்க வந்தவனிடம் துப்பாக்கியைக் காட்டாமல் வீட்டைப் பற்றி விசாரித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஹார்லனுக்கு வந்தது. கடைக்காரி டார்லா கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பெண் கேட்டு வந்தவனைக் குடைகிற மாதிரி குடைந்தாள்.

"தனி வீடா, அடுக்குமாடியா?"

"அடுக்குமாடி. மேல் மாடி."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு?"

"எவனோ ஒருத்தன்."

"கீழ?"

"எவளோ ஒருத்தி. ஏம்மா, நீ துப்பாக்கி விக்கிறியா, வாடகைக்கு வீடு பாத்துக் குடுக்கிறியா?"

டார்லா சிரித்தாள். "ரெண்டுல எது உங்களுக்கு அவசரம் பெரியவரே?"

அவசரம் துப்பாக்கிதான். ஹார்லன் தூங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆக்ரன் நகரத்து டயர் ஆலையில் ரப்பரோடு மல்லுக்கட்டி ஓய்ந்த மனிதர். மனைவி போய்விட்டாள். மகன் அரிசோனாவில், கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான். போன மாதம் ஒரு மத்தியானம் டிவி முன்னால் சாய்வு நாற்காலியில் அசந்துவிட்டார். கண் விழித்தால் டிவி இருந்த இடத்தில் ஒருவன் நிற்கிறான், டிவியை இடுப்பில் அணைத்துக்கொண்டு. கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி. ஹார்லன் எழப் பார்த்தார், கால் எழவில்லை. அவன் பதறவும் இல்லை, ஓடவும் இல்லை. "ஒண்ணுமில்ல தாத்தா, நீ தூங்கு" என்றான். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

டிவி போனது பெரிசில்லை. அந்த ஒரு வார்த்தை போகமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் 'நீ தூங்கு' என்கிறான். எவன் தூங்குவான்? பூட்டு உடையவில்லை, கதவில் கீறல் இல்லை. வந்து பார்த்த போலீஸ்காரன், "தாழ்ப்பாள் போட மறந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஹார்லன் மறக்கிற ஆள் இல்லை. கட்டடத்துக்குள் இருக்கிற எவனிடமோ சாவி இருக்கிறது என்று முடிவு கட்டினார். தலைமாட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் தூக்கம் வரும். அவ்வளவுதான் கணக்கு.

டார்லா முதலில் ஒரு பிஸ்டலை எடுத்து வைத்தாள். அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். ஹார்லனின் விரல்கள் ஆலையிலேயே கோணிப்போனவை. இழுத்தார். பல்லைக் கடித்து இழுத்தார். அசையவில்லை. டார்லா சிரிக்காமல் வாங்கி வைத்தாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. அடுத்து ஒரு குட்டித் துப்பாக்கி. "சின்னதுன்னு நெனைக்காதீங்க, கையில குதிரை மாதிரி துள்ளும்" என்று அவளே திருப்பி எடுத்துக்கொண்டாள். கடைசியில் ரிவால்வர். இழுக்க ஒன்றுமில்லை. விசையை அழுத்தினால் போதும். கையில் உட்கார்ந்தது.

"இது. கட்டிக் குடு."

"ஒரு நிமிஷம் இப்பிடி வாங்க."

மூலையில் ஒரு பொய்ச்சுவர் நின்றது. வீடுகளில் அறைக்கு அறை வைக்கிற அதே அட்டை ஒட்டின ஜிப்சம் பலகை, நடுவில் இடைவெளி விட்டு முன்னும் பின்னும் அடித்தது. அதற்குப் பின்னால் அதே மாதிரி இன்னொன்று. முன்சுவரில் குண்டு துளைத்த பொத்தல். அதன் முதுகில் பொத்தல். பின்சுவரிலும் பொத்தல், இன்னும் பெரிசாக.

"எந்தக் குண்டு வாங்கினாலும் இதான் கதை. சுவத்துல பட்டா செதறிரும்னு டப்பாவில எழுதியிருப்பான், நம்பாதீங்க. வீட்டுக்குப் போங்க. நீங்க எங்க நிப்பீங்க, வர்றவன் எங்க நிப்பான், அவனுக்குப் பின்னால யாரு படுத்திருக்காங்க, பாத்துட்டு வாங்க. வெளிச் செங்கச் சுவரு தாங்கும். பழைய காலத்து இரும்புக் குளியல் தொட்டி இருந்தா அது தாங்கும். மத்ததெல்லாம் காயிதம். பேரும் விலாசமும் சொல்லிட்டுப் போங்க, இத நான் உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்."

வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்கிற கடைக்காரியை ஹார்லன் அதுவரை பார்த்ததில்லை. இன்றைக்கு விட்டுப் பிடிக்கிறாள், நாளைக்குத் தோலை உரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தார். ஆனாலும் அவள் சொன்னதில் பழுதில்லை. அவர் பிறந்த மேற்கு வெர்ஜீனியா மலையில் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். நாளைக்கு நான் கிழக்குச் சரிவில் உட்காருவேன், உன் மாடு எங்கே மேயும், நீ எங்கே இருப்பாய் என்று. கேட்காமல் சுடுகிறவனை மனிதனாக மதிக்கமாட்டார்கள். கேட்பது மரியாதை.

அந்த மரியாதையைத் தூக்கிக்கொண்டு முதலில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்.

லட்ரீஸ் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். சீருடையைக் கழற்றவில்லை, கையில் கரண்டி. உள்ளே இரண்டு பெண் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"ஏம்மா, உன் கட்டில் எந்தச் சுவரோரமா கெடக்கு?"

"ஏன் மிஸ்டர் ஹார்லன், புதுசா வாங்கித் தரப் போறீங்களா?"

"புள்ளைங்க எங்க படுக்குது?"

சிரிப்பு நின்றுவிட்டது. "எதுக்குக் கேக்குறீங்க?"

அவர் சொன்னார். துப்பாக்கி வாங்கப் போவதை, டார்லாவின் பொய்ச்சுவரை, எல்லாவற்றையும். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். "திருடன் குனிஞ்சு நின்னான்னு வையி, குண்டு தரையத் தாண்டி எறங்கும். தரையும் மரம்தானே?"

"அப்ப உங்க டிவி போனதுக்கு எம்புள்ளைங்க கட்டிலு நகரணும்."

"நகத்துனா நல்லது."

லட்ரீஸ் கரண்டியைக் கீழே இறக்கினாள். "உங்க வீட்டுக்கு வந்த திருடன் உங்களத் தூங்கச் சொல்லிட்டுப் போனானாமே? போலீஸ்கிட்ட நீங்க கத்துனது எனக்கும் கேட்டுச்சு. அவனே தேவலையே மிஸ்டர் ஹார்லன்." கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் ஒன்று, சங்கிலி ஒன்று விழுகிற சத்தம்.

அடுத்தது பக்கத்து வீடு. கர்ட்டிஸ் பார்சல் வண்டி ஓட்டுகிறவன், நாற்பது வயது இருக்கும். ஆறு வருடமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையாட்டல், அதோடு சரி.

"என்ன பெரிசு, அதிசயமா இருக்கு?"

"உன் படுக்கை எங்க இருக்கு? தல எந்தப் பக்கம் வச்சுப் படுப்ப?"

கர்ட்டிஸ் கதவைப் பாதி சாத்தி உடம்பால் அடைத்துக்கொண்டான். "என் தல எந்தப் பக்கம் இருந்தா உனக்கு என்ன?"

"நீ சொல்லாட்டியும் தெரியும்ப்பா. காலைல இருமுறல்ல, அத வச்சுப் பாத்தா தல என் சுவத்துப் பக்கம்தான். ஜன்னலுக்கு ரெண்டு முழம் தள்ளி. சரியா?"

சரி என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "சுவத்துல காத வச்சுக் கேக்கிறியா?"

"காது எதுக்கு? அட்டைச் சுவரு, எல்லாம் கேக்குது. தலைய அந்தாண்ட மாத்திப் படு. நான் துப்பாக்கி வாங்கப் போறேன். அப்புறம் என்னக் குத்தம் சொல்லாத."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். கர்ட்டிஸ் பார்வையை எடுக்காமல், மெதுவாகக் கதவைச் சாத்தினான். பாம்பைக் கண்டவன் பின்வாங்குகிற மாதிரி.

மறுநாளே கட்டட மேலாளர் போனில் வந்தான். "பெண் குழந்தைங்க படுக்கை எங்கன்னு கேட்டீங்களாமே? பக்கத்து வீட்டுக்காரரச் சுடுவேன்னீங்களாம்?"

"சுடுவேன்னு எவன் சொன்னது? சுட்டா படக்கூடாதேன்னு கேட்டேன்யா!"

"இன்னொரு புகார் வந்தா வீட்டக் காலி பண்ணிக்கங்க ஐயா. வேற பேச்சில்ல."

கேட்காமல் சுடுகிறவனுக்கு இந்தக் கட்டடத்தில் இடம் உண்டு, கேட்டவனுக்கு இல்லை. ஹார்லன் போனை வைத்துவிட்டு நடு வீட்டில் நின்றார். கையை நீட்டி ஒரு விரலால் குறிபார்த்தார். இந்தப் பக்கம் கர்ட்டிஸ். கீழே அந்தப் பிள்ளைகள். வாசல் பக்கம் நடைவழி, எவர் வேண்டுமானாலும் போவார் வருவார். மிச்சம் ஒரே திசை, படுக்கையறையின் வெளிச் செங்கல் சுவர். அதாவது அவருடைய கட்டில் கிடக்கிற சுவர். திருடன் அவருடைய படுக்கையில் நின்றால்தான் அவனைச் சுட முடியும்.

சரி என்று மெத்தையை இழுத்தார். கட்டிலை விட்டு இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து, கூடத்தில் கர்ட்டிஸின் சுவரோரம் போட்டார். இங்கே படுத்தால் படுக்கையறை வாசல் நேர் எதிரே, அதற்குப் பின்னால் செங்கல் சுவர். திருடனை எப்படி அங்கே போகச் சொல்வது என்பது வேறு விஷயம். அவருக்கு அதுவே போதும் என்றிருந்தது. எவன் வீட்டுப் பிள்ளைக்கும் சேதமில்லாமல் ஒரு திசையாவது கிடைத்ததே.

அடுத்த நாள் மறுபடி கடைக்குப் போனார். டார்லா ரிவால்வரை எடுத்து வைத்தாள்.

"பாத்துட்டேன். செங்கச் சுவரு ஒண்ணு இருக்கு" என்றார் ஹார்லன்.

"நல்லது. நான் சொன்னதக் கேட்டவர் நீங்க ஒருத்தர்தான். நேத்து உங்க தெருவுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. பார்சல் வண்டிக்காரர். அவர்கிட்டயும் இதயேதான் சொன்னேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் யாருன்னேன். சிரிச்சாரு."

"என்னன்னு சிரிச்சான்?"

டார்லா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் வாயை விட்டாயிற்று. "'அந்தப் பக்கம் ஒரு கிறுக்குக் கெழவன், அவனுக்காகத்தான் வாங்கவே வந்தேன்'னாரு."

"நீ வித்துட்ட."

"சட்டப்படி எல்லாம் சரியா இருந்துச்சு பெரியவரே."

"எது வாங்கினான்?"

"உங்களால இழுக்க முடியலைன்னு வச்சீங்களே, அந்தப் பிஸ்டல்."

ஹார்லன் அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார் போல. ஒரு பலகைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு துப்பாக்கி எதற்கு, வீட்டுக்குப் போங்கள் என்று.  டார்லா கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவர் பக்கம் தள்ளினாள். எடுத்து வைக்கிறேன் என்றாள், வைத்திருந்தாள். விற்கிற கடை விற்றது. இவருக்கு விற்கலாமா என்று அரசாங்க அலுவலகத்தைப் போனில் கேட்டாள், சரி என்று பதில் வந்தது. துப்பாக்கியும் ஒரு டப்பா குண்டும் பையில் விழுந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பார்த்தது மெத்தையைத்தான். கர்ட்டிஸின் சுவரோரம், அவரே இழுத்துப் போட்டது. அவன் படுத்தபடி கையை நீட்டினால் நடுவில் இருப்பது டார்லா கடையில் பொத்தல் விழுந்திருந்த அதே அட்டைதான்.

ஹார்லன் மெத்தையைத் தொடவில்லை. போர்வையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். தொட்டி கட்டடம் கட்டின காலத்தது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். இரும்புதான். போர்வையை உள்ளே விரித்தார். முட்டி மடக்கி, இடுப்பைப் பிடித்து இறங்கிப் படுத்தார். ரிவால்வரைச் சோப்பு வைக்கிற இடத்தில் வைத்தார். அங்கிருந்து கைக்கு எட்டவில்லை.

மத்தியான வெயில் சின்ன ஜன்னலில் நின்றது. கர்ட்டிஸுக்கு அன்று விடுமுறை போலிருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற சத்தம். ஏதோ ஒன்றைப் பின்னால் இழுத்து விடுகிற சத்தம், கடக் கடக் என்று. அவனுக்கு இழுக்க வந்தது. திரும்பத் திரும்ப இழுத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

ஹார்லனுக்குத் தொண்டை கரகரத்தது. இருமல் நெஞ்சுவரை வந்துவிட்டது. தலையணையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது.