அட்டையில் எழுதிய மூச்சு

ராயப்பராஜின் கட்டில் கம்பியில் ஓர் அட்டை தொங்கியது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று மணிக்கொரு தடவை அதில் எழுத வேண்டும். வார்டில் நாற்பது பேருக்கு ஒரே நர்சு. அதனால் கூட இருப்பவர்களுக்கே மகேஸ்வரி சிஸ்டர் எண்ணக் கற்றுக் கொடுத்திருந்தார். வயிறு ஏறி இறங்கினால் ஒன்று. எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும்.

அவர் மனைவி செபஸ்தியம்மாள் ஒழுங்காகத்தான் எழுதிவந்தாள். முப்பது வருஷம் நூல்மில்லில் பஞ்சுத் தூசி குடித்த நுரையீரல் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஐரினுக்குக் கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. எண்ணிக்கை இருபத்துநாலுக்குள் நின்றால் ஒருநாள் வீட்டுக்கு விடலாம் என்று வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மணிக்குச் செபஸ்தியம்மாள் தன் கையைப் பிடித்ததும் ராயப்பராஜ் சிரித்தார்.

"பெரிய டாக்டரம்மா. வவுத்தப் பாத்துக்கிட்டே நாடி புடிக்கிறா. எத்தன?"

"முப்பத்திரண்டு."

"இருபத்திரண்டுன்னு போடு. புள்ள கையப் புடிச்சு நாந்தான் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போவேன்னு சொல்லியிருக்கேன்."

போட்டாள். அடுத்த மணிக்கும் இருபத்திரண்டு. அதற்கடுத்து, ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமென்று இருபத்தொன்று.

மத்தியானம் அட்டையைப் பார்த்த டாக்டர், தேறிவருகிறார் என்று ஆக்சிஜனைப் பாதியாகக் குறைத்தார். ஒரு மணி நேரத்தில் ராயப்பராஜின் தோள்கள் தூக்கித் தூக்கிப் போட்டன. நகக்கண்கள் நீலம் பாய்ந்தன. அப்போதும் அவர் அட்டையைக் காட்டி, சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

செபஸ்தியம்மாள் எழுந்து ஓடினாள்.

"சிஸ்டர், காலையிலருந்து நான் எழுதுனது அம்புட்டும் பொய்."

மகேஸ்வரி ஒன்றும் திட்டவில்லை. வந்து ஆக்சிஜனைக் கூட்டி வைத்துத் தானே எண்ணிப் பார்த்தார், முப்பத்தெட்டு. டாக்டரைக் கூப்பிட்டார். இந்த மாதம் முழுக்க வீட்டுப் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் ராயப்பராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ரெண்டு நா பொறுத்திருக்கக் கூடாதா? புள்ளைட்ட நீயே சொல்லிரு."

வராந்தாவுக்குப் போய் மகன் வீட்டுக்குப் போன் போட்டாள். ஐரின்தான் எடுத்தாள். தாத்தாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சு, மேல் பட்டன் ஒன்று இல்லாததால் அம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். செபஸ்தியம்மாள் அத்தனையையும் கேட்டாள். பிறகு, போனை அம்மாவிடம் கொடு என்றாள்.